பதில்: அப்பாவின் போனில் ‘கரண்ட் பில்’ ஏபிகே

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் கடை வைத்திருக்கும் அப்பா, ‘இன்று ராத்திரி கரண்ட் கட்’ என்று வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) இன்ஸ்டால் செய்துவிட்டார், இப்போது அதன் ஐகானையே காணோம் என்று கேட்டிருந்தீர்கள். பணம் போகவில்லை என்கிறீர்கள், நல்லது. ஆனால் இன்றே செய்ய வேண்டிய வேலை இது.

முதலில் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபையும் அணைந்திருக்கட்டும். இந்த மாதிரி ஆப்கள் ஓடிபி எஸ்எம்எஸ்களைத் திருடி அனுப்பத்தான் வருகின்றன. வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு யுபிஐ, கார்டு, நெட்பேங்கிங்கை நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி எண்ணைக் கூகுளில் தேட வேண்டாம், அங்கேயும் போலி எண்கள் கிடக்கின்றன. கார்டின் பின்பக்கம் பாருங்கள்.

ஐகான் மறைந்தாலும் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலில் பெரும்பாலும் இருக்கும். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தால், ‘டிவைஸ் அட்மின்’ பகுதியில் அதன் டிக்கை எடுத்துவிட்டு அழியுங்கள். எனக்கென்னவோ, போட்டோக்களை மட்டும் காப்பி எடுத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் அடிப்பதுதான், அதாவது போனை முழுக்க அழித்துப் புதுசு போல ஆக்குவதுதான் நிம்மதி.

அப்புறம் ##002# டயல் செய்தால் கால் ஃபார்வர்டிங் (கால்களை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடுவது) ரத்தாகும். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ஸையும் பாருங்கள், தெரியாத சாதனம் இருந்தால் நீக்குங்கள். பணம் போனது தெரிந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். போலீசில் நேரில் புகார் கொடுக்க நாகர்கோவிலுக்கு பஸ் ஏறுவதெல்லாம் அதற்கப்புறம்.