கணவர் வெளியூர் போனால் மூச்சு முட்டுகிறது. இது பீதி நோயா, அகோரபோபியாவா?

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். நான் வைத்தியன் அல்லன். இதே கேள்வியோடு கொழும்பில் இரண்டு வருடம் அலைந்தவன். உங்களுக்கும் ஈசிஜி எடுத்து, இருதயத்தில் ஒன்றும் இல்லை என்று அனுப்பியிருப்பார்கள். வீட்டில் "சின்னப் பிள்ளையா நீ?" என்று கேட்டிருப்பார்கள்.

என் மனைவி தாதி. அவளுக்கு இரவுக் கடமை என்றால் பிற்பகலிலேயே எனக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். தொடர்மாடிப் படியில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் நெஞ்சு அடிக்கும், கை விறைக்கும். தொலைபேசியை எடுக்காவிட்டால் வாந்தி. ஒரு தடவை அவள் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனாள். வவுனியா தாண்டிவிட்டேன் என்று செய்தி வரும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை.

சனல் செய்து, அதாவது தனியார் மருத்துவமனையில் பணம் கட்டி நேரம் பதிந்து, பார்த்த முதல் வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். ஒரு சிற்றூழியரை அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னார். "பஸ் கவிழ்ந்து அவள் போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது" என்றேன். அந்த மனிதர் எனக்குப் பஸ்ஸில் போகப் பயம் என்று சொல்லிவிட்டார். ஐந்து நிமிடத்தில் அகோரபோபியா, அதாவது வெளியிடங்களில் அகப்பட்டுக்கொள்ளும் பயம், என்று எழுதியாயிற்று. தமிழ் 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தோடு அரசகரும மொழியானது. தனியார் இடத்துக்கு அது பொருந்தாது என்று வாதாட வருவீர்கள். வாதாடுங்கள். மனதைத் திறந்து காட்டப் போனவனுக்கு அவன் மொழியில் ஒரு காது கிடைக்கவில்லை.

தனியாகப் பஸ்ஸில் போய்ப் பழகச் சொன்னார். 100 ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். தீபாவளிக்கு முந்திய வாரம். பிரதான வீதியில் கால் வைக்க இடமில்லை. எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் வீட்டில் பத்திரமாக இருந்தாள்.

இரண்டாவது வைத்தியர் தமிழில் கேட்டார்: "அந்த நேரம் கண்ணுக்குள் என்ன வருகிறது?" அவள் வீதியோரம் கிடப்பது என்றேன். "உங்களுக்கு ஏதாவது ஆவது போல் வருவதில்லையா?" இல்லை.

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். பீதி நோயில் காரணமே இல்லாமல் திடீரென்று தாக்கி, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். தான் சாகப்போகிறேன் என்ற பயம், பிறகு அடுத்தது எப்போது வருமோ என்ற பயம். அகோரபோபியாவில் பஸ், வரிசை, திறந்த வெளி, மூடிய மண்டபம் போன்ற இடங்களில் அகப்பட்டால் தப்ப முடியாது, உதவி வராது என்ற பயம். அவர்களுக்கும் துணை வேண்டும். குழப்பம் அங்கேதான் வருகிறது. ஆனால் நம்பிக்கையான எவர் வந்தாலும் பெரும்பாலும் போதும். எனக்குத் தம்பி வந்து பக்கத்தில் படுத்தும் தணியவில்லை. சொந்த வீட்டுக்குள், கதவைப் பூட்டிக்கொண்டு நடுங்கினேன். இது பிரிவுப் பதகளிப்பு: நெருங்கியவர் பிரிந்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற அடங்காத பயம். பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல; 18 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க உளமருத்துவர்களின் கையேடு 2013 இல் நீக்கிவிட்டது. பெரியவர்களில் வழக்கமாக ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். பிரிவின்போதும் பீதித் தாக்கம் வரலாம், ஒருவருக்கே இரண்டு நோயும் இருக்கலாம். ஆகவே நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

இது சந்தேகப் புத்தி என்பவர்களுக்கு: போகாதே என்று அவளை நான் ஒரு நாளும் தடுத்ததில்லை. ஆனால் ஓர் இரவில் 14 தடவை அழைத்து, நோயாளர் விடுதியில் எல்லோர் முன்னும் அவளைத் தலைகுனிய வைத்தேன். அது என் பிழை. அழைப்புகளைக் குறைப்பதுதான் எனக்குத் தந்த பயிற்சி. இப்போது போய்ச் சேர்ந்ததும் ஒன்று, காலை ஏழு மணிக்கு ஒன்று.

நாளை கணவர் புறப்பட்டதும், கண்ணுக்குள் வருவது நீங்களா அவரா என்று ஒரு தாளில் எழுதுங்கள். தமிழிலேயே எழுதி, அதை வாசிக்கத் தெரிந்த வைத்தியரிடம் கொண்டு போங்கள்.