சூளையை எப்போது பிரிக்கலாம்?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே, தாத்தா காலத்துச் சூளையில் மறுபடியும் வேலை தொடங்கியிருக்கிறோம். கார்த்திகைக்கு அகல் விளக்கு, தைக்குப் பொங்கல் பானை. மாலையில் எரித்து முடித்து, வியாபாரியின் வண்டி வந்துவிடும் என்று விடியற்காலையிலேயே பிரித்துவிடுகிறோம். விளக்குகள் தப்பிவிடுகின்றன. பானைகளோ 'டிக் டிக்' என்று ஓசையிட்டு விரிகின்றன. எத்தனை மணி நேரம் பொறுக்க வேண்டும்?

பதில்: மணிக்கணக்கை மட்டும் நம்பாதீர்கள். சூளையின் அளவு, சுவரின் கனம், அடுக்கிய சரக்கு, அன்றைய காற்று என எது மாறினாலும் நேரமும் மாறும். எரித்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ஆறவிடுவதாகத் திட்டமிடுங்கள். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது சூடுதான். வெறுங்கை தாங்கும் சூட்டுக்கு, ஏறத்தாழ 50 டிகிரிக்கு, பானை வந்த பிறகு எடுப்பதே பாதுகாப்பு.

களிமண்ணில் உள்ள மணலில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் இருக்கிறது. ஆறும்போது 573 டிகிரியில் அதன் படிக அமைப்பு மாறி, சட்டென்று சுருங்கும். பானை முழுவதும் ஒன்றாக அந்த இடத்தைக் கடந்தால் தொல்லையில்லை. விளிம்பு முந்திக்கொண்டு அடிப்பாகம் பின்தங்கினால் இழுபறியில் விரிசல் விழும். இருட்டில் உள்ளே மங்கிய சிவப்பு தெரிந்துகொண்டிருக்கும்போது சூளையைத் தொடவே கூடாது.

விடியலுக்குள் உங்கள் சூளை அந்தக் கட்டத்தைத் தாண்டியிருக்கும். எனவே உங்கள் பானைகளை உடைப்பது பெரும்பாலும் குளிர்காற்றுதான் என்று நினைக்கிறேன். சூளையை மேலே மூடியிருக்கும் சில்லு மூட்டத்தையும் கீழே விறகு போடும் வாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் சூளை முழுவதுமே புகைபோக்கியாகிவிடுகிறது. சூடான காற்று மேலே போக, கார்த்திகை, மார்கழிப் பனிக்காற்று கீழ்வழியே உள்ளே பாய்ந்து அடிவரிசைப் பானைகளை அறைகிறது. மெல்லிய அகல் சீராக ஆறித் தப்பிக்கிறது. கனத்த விளிம்பும் மெல்லிய வயிறும் உள்ள பானைக்கு அது முடிவதில்லை.

உடைந்த பானையே இதற்குச் சாட்சி சொல்லும். விரிசலின் உட்புறம் வெளிப்பரப்பைப் போலவே சிவந்தோ புகை படிந்தோ இருந்தால், அது பெரும்பாலும் சூடேறும்போது, ஈரம் முழுதும் போகாததால் விழுந்தது. உட்புறம் புதிதாக, கூரிய விளிம்போடு இருந்தால் ஆறும்போது விழுந்தது.

ஆகவே விறகு எரிந்து தணலான பிறகு கீழ்வாயை ஓட்டுச் சில்லும் சேறும் வைத்து அடைத்துவிடுங்கள். அதற்கு முன்பே அடைத்தால் புகை உள்ளே தங்கிப் பானை கறுத்துவிடும். (உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் கறுப்பு வந்ததும் காற்றுக் குறைவால்தான். அந்தக் காலத்துக் குயவர்கள் அதை வேண்டுமென்றே செய்தார்கள்.) மறுநாள் விடியலில் கை வைக்காமல் வெயில் ஏறியபின் தொடங்குங்கள். முதலில் மேலே சில சில்லுகளை மட்டும் விலக்கிக் காத்திருங்கள். அதன்பின் மூட்டத்தைச் சிறிது சிறிதாக எடுங்கள். கீழ்வாயைக் கடைசியில் திறங்கள். எடுத்த பானையை ஈரத்தரையில் வைக்காமல் உலர்ந்த மணலில் வையுங்கள்.

உள்ளே எப்படி இருக்கிறதோ என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. பல நாள் உழைப்பு அந்த மூட்டத்துக்குள் கிடக்கும்போது யாருக்குத்தான் கை பரபரக்காது? அதற்காகவே மேல்வரிசை ஓரத்தில், ஒரு சில்லை விலக்கினால் எட்டும் இடத்தில், நான்கைந்து அகல்களை வையுங்கள். இடுக்கியால் ஒன்றை எடுத்து நிறத்தையும் தட்டினால் வரும் ஓசையையும் பார்த்துவிட்டு உடனே மூடிவிடலாம். அந்த வழியே கம்பியில் கட்டிய செய்தித்தாள் துண்டை இறக்கிப் பாருங்கள். தாள் பழுத்துக் கருகினால் உள்ளே இன்னும் 200 டிகிரிக்கு மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். முடிந்தால், கம்பியை உள்ளே விட்டுச் சூளைச் சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் வெப்பமானி ஒன்று வாங்குங்கள்.

வியாபாரியிடம் ஒரு நாள் தள்ளியே தேதி சொல்லுங்கள். கார்த்திகை நெருக்கடியில் அகல்களுக்குத் தனிச் சூளை வையுங்கள்; அவை சீக்கிரம் ஆறும். பொங்கல் பானையை அந்த அவசரத்தில் சேர்க்க வேண்டாம். மழை நாளில் சூளைக்கு மேல் கால் நட்டுத் தகரம் போடுங்கள். தார்ப்பாய் சூட்டில் உருகும், ஒழுகும் நீர் சூடான பானையில் பட்டால் அது அங்கேயே தெறித்துவிடும்.