புள்ளிக்கும் இடம் விட வேண்டும்

வெள்ளவத்தையில் 16 ஆண்டுகளாக இணையத்தளங்களை வடிவமைத்துவரும் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

தமிழ் இணையத்தளங்களில் எழுத்துகள் ஏன் நெருக்கியடித்து, சில இடங்களில் வெட்டுப்பட்டும் தெரிகின்றன?
– வாசகி, தெஹிவளை

பக்கத்தை முழுவதும் ஆங்கிலத்தில் வரைந்து, வாடிக்கையாளரின் ஒப்புதலும் வாங்கிவிட்டு, கடைசி நாளில் தமிழைக் கொண்டுவந்து அந்தப் பெட்டிகளுக்குள் திணிப்பதுதான் காரணம். ‘சப்மிட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ எப்படி அடங்கும்? அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். கி, மீ மேலே வளைகின்றன. கு, மூ கீழே இறங்குகின்றன. மெய்யெழுத்தின் தலையில் புள்ளி நிற்கிறது. பெட்டியின் உயரத்தை இறுக்கினால் முதலில் பறிபோவது அந்தப் புள்ளி.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் செய்த முகப்பில், ‘கல்வி’ என்ற சொல்லின் புள்ளி கைத்தொலைபேசித் திரையில் மறைந்துபோனது. புள்ளியில்லாமல் அது என்ன சொல்லாகிறது என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஓர் ஆசிரியைதான் அழைத்துச் சொன்னார். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் மும்மொழித் தளம் எதுவானாலும் தமிழ்ப் பக்கத்தையே முதலில் வரைகிறேன். வரி உயரத்தை எழுத்தளவின் 1.7 மடங்குக்குக் குறைவாக வைப்பதில்லை.

செயற்கை நுண்ணறிவே தளம் அமைத்துக் கொடுத்துவிடுகிறதாமே, உங்களுக்கு இனி வேலை இருக்குமா?
– வாசகர், வத்தளை

அது எழுதும் நிரலை நானும் பயன்படுத்துகிறேன். இரண்டு நாள் வேலை அரை நாளில் முடிகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சென்ற மாதம் புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவர் விலைப்பட்டியல் அனுப்பினார். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. பாமினியில் கணினி சேமித்துவைப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது பொருளற்ற ஆங்கிலக் குவியல். தமிழில் தேடினால் கூகுளில் கிடைக்காது. பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் மென்பொருளும் அதில் தடுமாறும்.

எல்லாக் கருவிகளும் தமிழைத் தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு அதை மாற்றியபோது, இடையிடையே உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த பொருட்பெயர்களும் தமிழாகிச் சிதைந்தன. கடையின் கணக்குப்பிள்ளை ஐயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசிக்க, நான் திருத்தினேன். நான்கு மணிநேரம் பிடித்தது. எந்தப் பொருளை வாடிக்கையாளர்கள் எந்தப் பெயரில் கேட்பார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். தேடலுக்காகப் பக்கத்தில் சேர்த்த சொற்களெல்லாம் அன்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டவை.

கடைக்குப் பேஸ்புக் பக்கம் இருக்கிறது. தனித் தளம் எதற்கு?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பேஸ்புக்கை விட வேண்டாம். ஆனால் அது வாடகை இடம். விதிகளை அவர்கள் மாற்றுவார்கள். உங்கள் பெயரில் ஒரு முகவரியாவது வாங்கி வையுங்கள். ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரிக்கு 2010இல் அங்கீகாரம் கிடைத்தது. நம்மில் பலருக்கு அது இருப்பதே தெரியாது என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டேன். எதை முதலில் படிக்கலாம்?
– மாணவர், பம்பலப்பிட்டி

தம்பி, பக்கத்தின் கட்டமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் இரண்டையும் கையால் எழுதிப் பழகுங்கள். சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு 1996இல் வந்தது, இன்றும் நிற்கிறது. இணையப் பக்கங்களில் அசைபடங்கள் காட்ட ஒரு காலத்தில் எல்லோரும் ஓடி ஓடிப் படித்த ஃபிளாஷ் மென்பொருளுக்கு 2020 முடிவோடு ஆதரவு நின்றுவிட்டது.

அடுத்து, விலை குறைந்த ஒரு தொலைபேசி வாங்குங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது. மருந்துக்கும் தட்டுப்பாடு. அம்மா தன் இரத்த அழுத்த மாத்திரை இருக்கிறதா என்று பார்க்க, நான் வடிவமைத்த ஒரு மருந்தகத் தளத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தன் பழைய தொலைபேசியில் திறந்தார். வெறும் வெள்ளைத் திரை. முகப்பில் நான் ஆசையாக வைத்த படம் மட்டும் 4 எம்பி. மின்சாரம் வந்ததும் அந்தப் படத்தை நீக்கி, முதல் வரியில் கடையின் தொலைபேசி இலக்கத்தை வைத்தேன்.

அம்மாவின் அந்தத் தொலைபேசி இப்போது என் மேசையில் இருக்கிறது. அதில் திறந்து பார்க்காமல் எந்தத் தளத்தையும் நான் ஒப்படைப்பதில்லை.