வேர்க்காத குதிரை தாங்குமா?

கேள்வி: ஒரே நாளில் 80, 100 கிலோமீட்டர் போகும் எண்டூரன்ஸ் சவாரிக்குக் குதிரை தேடுகிறேன். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று தொடை திரண்டு, அகன்ற மார்போடு இருக்கிறது, ஆனால் சீக்கிரமே வேர்த்து நுரை தள்ளுகிறது. இன்னொன்று ஒல்லி. வேர்ப்பதே இல்லை, ஆனால் நிறுத்திய பிறகும் வெகுநேரம் மூச்சு வாங்குகிறது. வேர்க்காததுதான் தாங்கும் என்கிறார் விற்பவர். எதை வாங்கலாம்? (சென்னை வாசகர்)

பதில்: விற்பவர் பேச்சைக் கேட்டு அந்த ஒல்லிக் குதிரையை வாங்கிவிடாதீர்கள். வெயிலில் ஓடிய குதிரை உடம்பு காய்ந்திருந்து மூச்சு மட்டும் இரைத்தால் அது வலிமை இல்லை, வேர்வைச் சுரப்பிகள் வேலை செய்யாத கோளாறாக இருக்கலாம். அன்ஹைட்ரோசிஸ் என்பார்கள். சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களில் இது வரும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பந்தயக் குதிரைகளிடமே இதைக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். உறுதியான மருந்து இல்லை, குளிர்ச்சியான ஊருக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் தேறும். கழுத்து, விலா, சேணத்துக்கு அடியில் எல்லாம் கைவைத்துப் பாருங்கள், கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள்.

நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குதிரை வேர்வையில் லாதெரின் என்ற புரதம் இருக்கிறது, அது வேர்வையை ரோமம் முழுக்கப் பரப்பி ஆவியாக வைக்கிறது. கடிவாள வார் உரசும் இடத்தில் நுரைப்பதும் அதனால்தான். தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது, அந்தச் சூடு வெளியேற முக்கிய வழியே வேர்வை. கடும் வெயிலில் மணிக்கு 10 லிட்டருக்கு மேல்கூட வேர்க்கும். அதோடு உப்பும் ஏராளமாகப் போய்விடுவதால் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறுவதில்லை, உடம்பில் நீர் வற்றியும் குதிரைக்குத் தாகமே தெரியாமல் போகலாம். அதனால் வழியெல்லாம் தண்ணீர் காட்டுங்கள், உப்புக் கலவையும் கொடுங்கள்.

அந்தத் திரண்ட குதிரைக்குச் சிக்கல் வேறு. தசை கூடினால் சூடும் கூடும், ஆனால் அதை வெளியேற்றும் தோலின் பரப்பு அதே அளவுக்குக் கூடுவதில்லை. கலிபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கப்பில் மலைப்பாதையில் 24 மணி நேரத்துக்குள் 160 கிலோமீட்டர் போக வேண்டும். பெரும்பாலும் ஜெயிப்பது அரபுக் குதிரைகள்தான். நடுத்தர உயரம், மெலிந்த நீண்ட தசை, மெல்லிய தோல், அதன் அடியிலேயே புடைத்துத் தெரியும் ரத்தநாளங்கள். நம் ஊரில் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளில் இந்த வாகு கிடைக்கும்.

அப்புறம், எதை வாங்குவதானாலும் ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தி, தண்ணீர் ஊற்றி நாடியைப் பிடியுங்கள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது பழைய பயம், தாராளமாக ஊற்றலாம். பல போட்டிகளில் நாடி நிமிடத்துக்கு 64-க்கு இறங்கினால்தான் மேலே விடுவார்கள். பத்து நிமிடத்தில் அதற்கும் கீழே இறங்குகிற குதிரையை, பார்க்க எடுப்பாக இல்லாவிட்டாலும், யோசிக்காமல் வாங்குங்கள். நீங்கள் சொன்ன இரண்டில் திரண்டதை 20, 30 கிலோமீட்டர் சவாரிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், நூறுக்கு இரண்டுமே வேண்டாம்.