பெங்கால் பூனைக்குட்டி: ‘சான்றிதழ் பிறகு வரும்’ என்றால் வாங்கலாமா?

பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பெங்கால் பூனைக்குட்டி ஒன்றை 45,000 ரூபாய்க்கு ஒரு புரோக்கர் தருகிறார். ‘எஃப் 2 கடுவன், குட்டி எடுக்கலாம், சான்றிதழ் பிறகு வரும்’ என்கிறார். வனத்துறையால் தொல்லை வருமா? நம் ஊர் வெயிலை அது தாங்குமா?”

வெயிலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். குட்டை முடி கொண்ட இனம் அது. நிழலும் காற்றோட்டமும் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் நெல்லைக் கோடையைக் கடந்துவிடும். நீங்கள் அஞ்ச வேண்டியது ‘எஃப் 2’ என்ற சொல்லுக்குத்தான்.

வீட்டுப் பூனையையும் சிறுத்தைப் பூனை என்னும் ஆசியக் காட்டு விலங்கையும் கலந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் பெங்கால். எஃப் 1 என்றால் பெற்றோரில் ஒன்று காட்டு விலங்கு. எஃப் 2 என்றால் தாத்தா பாட்டியில் ஒன்று. நம் களக்காடு முண்டந்துறைக் காட்டிலும் வாழும் இந்தச் சிறுத்தைப் பூனை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளது. வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தமும், முந்தைய நான்கு தலைமுறைக்குள் காட்டு மூதாதை இருந்தால் கலப்பினத்தையும் காட்டு விலங்குக்குரிய கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது.

அதைத் தாண்டிய குட்டி வீட்டுப் பூனையாகவே கருதப்படும் என்பது உண்மைதான். ஆனால் இந்த விலக்கைத்தான் புரோக்கர்கள் வளைக்கிறார்கள். தந்தை ஆறு தலைமுறை தள்ளியிருந்தாலும், தாயின் தாத்தா பாட்டியில் ஒன்று காட்டு விலங்காக இருந்தால் குட்டி மூன்றாம் தலைமுறைதான். கணக்கு எப்போதும் நெருங்கிய காட்டு மூதாதையிலிருந்தே தொடங்கும். ஆகவே இருவழியிலும் ஐந்து தலைமுறை எழுதிய வம்சாவளித் தாள் கையில் இல்லாமல் இந்த விலக்கைக் கோர முடியாது. மேலும், முதல் மூன்று தலைமுறைக் கடுவன்கள் பெரும்பாலும் மலடு என்பதால், எஃப் 2 கடுவனை வைத்துக் குட்டி எடுக்கலாம் என்று ஒருவர் சொல்லும்போதே அவருக்கு இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது அல்லது உங்களை ஏமாற்றுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி விழுந்த நாட்டுக் குட்டியைப் பெங்கால் என்று விற்றால் உங்களுக்குப் பணம் மட்டுமே போகும். காட்டிலிருந்து எடுத்த குட்டியை அதே பெயரில் விற்றாலோ, மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் உங்கள் தலையில் விழும். குட்டியின் காதுகளைப் பின்பக்கமிருந்து பாருங்கள். கருமையின் நடுவே தெளிவான வெள்ளைப் பொட்டு இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

பழப்பெட்டியில் ஓட்டை போட்டு ஆம்னி பஸ்ஸில் அனுப்பிய ஒரு குட்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள். தடுப்பூசி அட்டையில் மூன்று ஊசிகளுக்கும் ஒரே தொகுதி எண், ஒரே பேனா மை. வாயைத் திறந்து பார்த்தால் பால் கடைவாய்ப் பற்களே முழுதாக முளைக்கவில்லை; ஆறு வாரம்கூட ஆகாத குட்டிக்கு மூன்று ஊசி எப்படிப் போட்டிருக்க முடியும்? மூன்றாம் நாள் வாந்தியிலும் பேதியிலும் அது செத்தது. இதை எங்கே புகார் செய்வது என்று கேட்ட அந்தக் குடும்பத்தை ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கிருந்து மறுபடியும் முதல் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். 2024இல் அயல்நாட்டு விலங்குகளைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யும் விதிகள் வந்தன. ஏமாற்றி விற்பவனைத் தடுக்காமல் படிவம் நிரப்பச் சொன்னால் மட்டும் போதுமா?

வளர்ப்பில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: தயிர்ச்சோறும் மீன் குழம்புச் சோறும் போதாது. டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் பூனைக்கு இதயமும் கண்ணும் கெடும். அது இறைச்சி, மீன் போன்றவற்றில்தான் இருக்கிறது; சோற்றில் இல்லை.

புரோக்கரிடம், தாய்ப் பூனையை அதன் இடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். வம்சாவளித் தாளில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடலில் ஸ்கேனர் காட்டும் எண்ணும் ஒன்றா என்று இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ உங்கள் மருத்துவரிடமோ சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை முன்பணமாக நூறு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.