ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய், IBS) தொல்லையை உணவை மாற்றியே கட்டுப்படுத்த முடியுமா? எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?

நான்கு வருடமாக வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருவதாகவும், பாலையும் கோதுமையையும் நிறுத்தியும் உப்புசம் குறையவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கட்டுப்படுத்த முடியும். எனக்கு முடிந்தது. ஆனால் "எதையெல்லாம் நிறுத்த வேண்டும்" என்ற கேள்வியோடே போனால், நான் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டிருந்த இடத்தில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள்.

என் கதை இதுதான். வயிறு கெட்ட ஒவ்வொரு நாளும், முந்தின நாள் சாப்பிட்டதில் ஏதாவது ஒன்றின் மேல் பழியைப் போட்டு அதை நிறுத்திவிடுவேன். பால் போனது. கோதுமை போனது. அப்புறம் முட்டை, பருப்பு, பழம். கடைசியில் சோறு, வேகவைத்த கேரட், மீன் என்று மூன்றில் வந்து நின்றேன். ஆறு கிலோ எடை குறைந்தது. வயிறு மட்டும் அப்படியே இருந்தது. ஏனென்றால் அந்த மீனையும் வெங்காயம், பூண்டு போட்டுத்தான் சமைத்தேன். வாசனைக்குப் போடுவதுதானே, சாப்பாட்டுக் கணக்கிலேயே அது வரவில்லை.

உணவில் கைவைக்கும் முன் ஒரு விஷயம். இது ஐபிஎஸ்தானா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். கடந்த மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்று வலி, அது மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருப்பது, போகும் தடவையோ மலத்தின் தன்மையோ மாறுவது: இவற்றை வைத்துத்தான் பொதுவாக முடிவு செய்கிறார்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய்: இதில் ஒன்று இருந்தாலும் உணவுப் பரிசோதனையெல்லாம் அப்புறம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் கோதுமையை நிறுத்தியிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கோதுமைப் புரதம் சிறுகுடலைச் சேதப்படுத்தும் சீலியாக் நோயும் இதே மாதிரி உப்புசம், பேதியோடு வரும். அதற்கான ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால்தான் சரியாகக் காட்டும். நான் நிறுத்தி ஐந்து மாதம் கழித்துப் போய் நின்றேன். ஆறு வாரம் தினமும் மறுபடி கோதுமை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அந்த ஆறு வாரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு இறுகுகிறது. நீங்கள் நிறுத்தி எவ்வளவு நாளாகிறது என்பதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, வயிறு ஏன் இப்படிச் செய்கிறது? சில வகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. அவை தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கின்றன. மிச்சம் பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்குகிறது. இது எல்லோருடைய வயிற்றிலும் நடப்பதுதான். நம் குடல் நரம்புகளுக்கு உணர்திறன் கூடுதல், அதனால் மற்றவருக்குத் தெரியவே தெரியாத வாயு நமக்கு வலியாகிறது. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தச் சர்க்கரைகளுக்குத்தான் ஃபாட்மேப் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் கொண்டுவந்த சொல் அது. கோதுமை, வெங்காயம், பூண்டில் ஃப்ரக்டான்; பயறு, பருப்பில் காலக்டான்; பாலில் லாக்டோஸ்; ஆப்பிள், மாம்பழம், தேனில் மிகுதியான ஃப்ரக்டோஸ்; காலிஃபிளவர், காளான், சர்க்கரையில்லாத சூயிங்கம் ஆகியவற்றில் பாலியால் என்ற சர்க்கரை ஆல்கஹால். கோதுமையில் பலருக்கு ஒத்துக்கொள்ளாதது குளூட்டன் என்ற அந்தப் புரதம் இல்லை, ஃப்ரக்டான்தான். 2018-ல் வெளிவந்த ஒரு நார்வே ஆய்வில், சீலியாக் இல்லாமலே குளூட்டனை ஒதுக்கி வாழ்ந்த 59 பேருக்கு எது என்று சொல்லாமல் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தொல்லை கொடுத்தது ஃப்ரக்டான். உங்களுக்கும் அப்படியானால், கோதுமையை விட்டுவிட்டு வெங்காயத்தைத் தொடர்ந்து சாப்பிடுவதில் பலன் தெரியாதது ஆச்சரியமில்லை.

முறை மூன்று கட்டம். முதலில் இந்த வகைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குறைப்பது. இரண்டிலிருந்து ஆறு வாரம், அதற்கு மேல் கூடாது. இதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், பட்டியல் எங்கும் கிடைக்கும். நான் பேச விரும்புவது இரண்டாம் கட்டம், அதாவது ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. பெரும்பாலானவர்கள் வயிறு அடங்கியதும் முதல் கட்டத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அது தப்பு. ஒதுக்கும் உணவுகளில் பல, குடலின் நல்ல பாக்டீரியாவுக்குத் தீனி. நீண்ட நாள் நிறுத்தினால் அந்த நல்ல பாக்டீரியாவில் ஒன்றான பிஃபிடோபாக்டீரியா குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

ஒரு வகைக்கு ஒரு உணவு, மூன்று நாள், அளவைக் கூட்டிக்கொண்டே. மற்ற சாப்பாடெல்லாம் முதல் கட்டத்தில் இருந்தபடியே. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி, அடுத்த வகை. ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டேன்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வயிறு எப்படி. பாலில் ஆரம்பித்தேன். முதல் நாள் கால் டம்ளர், அடுத்த நாள் அரை, மூன்றாம் நாள் முழு டம்ளர். மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு, ஏதாவது வரும் வரும் என்று படுக்கையில் வயிற்றில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டு வருடம் காரணமே இல்லாமல் பாலை விட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் "ஒன்றும் இல்லை" என்று எழுதும்போது அழுதுவிட்டேன்.

பூண்டு வேறு மாதிரி. கால் பல்லுக்குச் சத்தமில்லை. அரைப் பல் போட்ட நாள் மதியம் ஒன்றுக்குச் சாப்பிட்டேன், ஐந்து மணிக்கு இடுப்புப் பட்டனைக் கழற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் நாளுக்குப் போகாமல் பூண்டுச் சோதனையை அங்கேயே நிறுத்தினேன். இந்த நேர இடைவெளியைக் கவனியுங்கள். பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்க சில மணி நேரம் பிடிக்கும், அதனால் கடைசியாகச் சாப்பிட்டதே குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. நோட்டு இல்லாவிட்டால் இது பிடிபடாது.

பூண்டு ஒத்துக்கொள்ளாது என்றால் அதன் வாசனையையும் இழக்க வேண்டியதில்லை. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. முழுப் பல்லை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் சேர்க்கும் முன் அந்த எண்ணெயில் சமைத்தால் போதும். செய்த அன்றே பயன்படுத்திவிடுங்கள், எடுத்து வைக்காதீர்கள், நச்சுக் கிருமி வளரும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் சாப்பிடலாம். பயறை ஊறவைத்து வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காலக்டான் ஓரளவு குறையும்.

மூன்றாம் கட்டம், ஒத்துக்கொண்டதையெல்லாம் திரும்பச் சேர்த்துக்கொண்டு, ஒத்துக்கொள்ளாததை மட்டும் குறைத்துச் சாப்பிடுவது. இதில் அளவும் சேர்க்கையும் முக்கியம். கொஞ்சம் பருப்பு தாங்கும், கொஞ்சம் கோதுமை தாங்கும், இரண்டும் ஒரே வேளையில் வந்தால் தாங்காது. "நேற்று ஒத்துக்கொண்டது இன்று ஏன் இல்லை" என்ற குழப்பத்துக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

நார்ச்சத்து கூட்டுங்கள் என்று யாராவது கோதுமைத் தவிட்டைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள், ஐபிஎஸ் உள்ள பலருக்கு அது வலியைக் கூட்டும். இசப்கோல் போன்ற கரையும் நார் பரவாயில்லை, சிக்கலுக்கும் போக்குக்கும் உதவும். சிறிய அளவில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு. காபி, டீ மூன்று கோப்பைக்குள். வேளை தவறாமல், நிதானமாகச் சாப்பிடுவது.

இந்த முறை எல்லோருக்கும் பலன் தராது. ஆறு வாரம் ஒழுங்காகக் குறைத்தும் மாற்றம் இல்லையென்றால் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பி வேறு சிகிச்சை பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே எடை குறைவாக இருப்பவர்கள், சாப்பாட்டைக் கண்டு பயப்படும் நிலையில் இருப்பவர்கள் தனியாக இதில் இறங்க வேண்டாம். முடிந்தால் எல்லோருமே ஓர் உணவியல் நிபுணரோடு செய்வது நல்லது.

நான் இப்போது பால் குடிக்கிறேன், பருப்பு சாப்பிடுகிறேன், கோதுமை இரண்டு நாளுக்கு ஒரு முறை. நெருக்கடியான வாரங்களில் வயிறு இன்னும் முறுக்கும், அந்த வாரம் மட்டும் அளவைக் குறைத்துக்கொள்வேன். நீங்கள் சீலியாக் பரிசோதனையை முடித்துவிட்டு, முதல் கட்டத்தில் வெங்காயம், பூண்டையும் சேர்த்து நிறுத்திப் பாருங்கள். வயிறு அடங்கினால், பாலில் இருந்து திரும்பச் சேர்க்க ஆரம்பியுங்கள். கால் டம்ளர் போதும்.