சாவோ பாவுலோ ஆபத்தா? உள்ளூர் நண்பர்கள் கூப்பிட்டால் யோசிக்காமல் போங்கள்

"பிரேசிலில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று கூப்பிடுகிறார்கள். சாவோ பாவுலோ ஆபத்தான ஊராமே, பேசாமல் ரியோவுக்குப் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாவோ பாவுலோவுக்கே போங்கள். இந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அங்கே என்ன இருக்கு, வெறும் கான்கிரீட்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுப்பதில்லை. சொல்பவர்களில் பாதிப்பேர் விமானம் மாறுவதற்காக குவாருலோஸ் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவர்கள். ரியோ மாதிரி கடல் இல்லை, மலை உச்சியில் சிலை இல்லை, உண்மைதான். அந்த ஊரில் பார்க்க வேண்டியது அங்கே இருப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமையை. அதை எந்த டூர் பேக்கேஜும் காட்டாது, நண்பர்கள்தான் காட்ட முடியும்.

கம்பெனி வேலையாகச் சில மாதம் அங்கே இருந்தேன். கூட வேலை செய்த தோழிக்கு வீடு கிழக்குப் பகுதியில், பென்யா பக்கம். சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத, சாதாரண ஜனங்கள் வாழும் பகுதி. அவளிடம் நான் பட்டியல் எதையும் நீட்டவில்லை. "உன் ஞாயிற்றுக்கிழமை எப்படியோ அப்படியே என்னையும் கூட்டிப் போ" என்றேன். நீங்களும் அதையே சொல்லுங்கள் என்பதுதான் என் பதிலே.

காலையில் முதலில் போனது தெருச் சந்தைக்கு. ஃபெய்ரா என்பார்கள். ஒவ்வொரு பேட்டையிலும் வாரத்தில் ஒரு நாள் ஒரு தெருவை அடைத்துக் கடை போட்டு, மதியத்துக்குப் பிறகு கழுவி விட்டுவிடுவார்கள். அங்கே பாஸ்தெல் சாப்பிடாமல் யாரும் வீடு திரும்புவதில்லை. உள்ளங்கையை விடப் பெரிய, சப்பையான, பொரித்த மைதாப் பலகாரம். எண்ணெயில் போட்டதும் புஸ்ஸென்று உப்பும். வாங்கியவுடன் நடுவில் கடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஆவி உதட்டைச் சுட்டுவிடும். ஒரு மூலையை மட்டும் கிள்ளி, ஆவியை வெளியே விட்டு, அந்த ஓட்டை வழியாகக் காரச் சாறை ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று தோழிதான் காட்டினாள். நான் சைவம். சீஸ் வைத்ததும் பனைக்குருத்து வைத்ததும் கிடைத்தன. கூடவே குடிக்கக் கரும்புச் சாறு, எலுமிச்சையோ அன்னாசியோ பிழிந்து. பொரித்துக் கொடுத்த பாட்டி ஜப்பானிய வம்சாவளி. 1908-இல் சாந்தோஸ் துறைமுகத்தில் முதல் கப்பலில் வந்திறங்கிய ஜப்பானியர்கள் காப்பித் தோட்டக் கூலிகளாகத்தான் போனார்கள். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் இல்லாமல் அந்த ஊரின் சந்தையே இல்லை.

பிறகு பாவுலிஸ்தா அவென்யூ. வங்கிகளும் அலுவலகங்களும் நிற்கும் பிரதான சாலை அது. 2015 முதல் ஞாயிறுகளில் பகலில் கார்களுக்கு அதில் இடமில்லை. அப்பா பிள்ளைக்கு சைக்கிள் பழக்குகிறார், நாலு தப்படி தூரத்தில் ஒரு கோஷ்டி சாம்பா வாசிக்கிறது, வயதானவர்கள் ஜோடியாக ஆடுகிறார்கள். 2023 டிசம்பர் முதல் ஞாயிறுகளில் நகரப் பேருந்துகள் இலவசம் என்பதால், தூரத்துப் பேட்டைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

அதே சாலையில்தான் மாஸ்ப் என்ற கலை அருங்காட்சியகம். லீனா போ பார்தி என்ற இத்தாலியில் பிறந்த கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1968-இல் திறந்தார்கள். சிவப்புத் தூண்கள் மொத்தக் கட்டடத்தையும் அந்தரத்தில் தூக்கிப் பிடிக்க, அடியில் 74 மீட்டர் நீளத்துக்கு நடுத்தூணே இல்லாத வெற்றிடம். போராட்டமா, பாட்டா, வெயிலுக்கு ஒதுங்குவதா, எல்லாம் அந்த நிழலில்தான். தோழி கல்லூரி நாட்களில் கோஷம் போட்ட இடத்தைக் காட்டினாள். உள்ளே ஓவியங்கள் சுவரில் மாட்டப்படாமல் கண்ணாடிப் பலகைகளில் நிற்கின்றன. பின்பக்கம் போய் ஓவியத்தின் முதுகையும் பார்க்கலாம்.

நடந்துகொண்டே இருந்தபோது ஒன்று உறைத்தது. இவ்வளவு பெரிய ஊரில் கண்ணில் ஒரு விளம்பரப் பலகைகூடப் படவில்லை. 2007-இல் அமலுக்கு வந்த தூய்மை நகரச் சட்டத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டார்கள். கடைப் பெயர்ப் பலகைக்குக்கூட அளவு உண்டு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2019-இல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்தாள். அப்போது எத்தனை பேர் இனி பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள்! இன்றும் எங்கள் தெருமுனையில் காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் நடைபாதையை அடைத்து ஃப்ளெக்ஸ் நிற்கிறது. ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரத்தால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

சரி, ஆபத்து விஷயம். இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. செல்போன் பறிப்பு நிறைய நடக்கிறது, சைக்கிளில் வந்து கையிலிருந்து பிடுங்கிப் போவார்கள். அங்கே பிறந்தவர்களே தெருவில் போனை வெளியே எடுப்பதில்லை. வழி பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது மருந்துக்கடைக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வருவார்கள். வங்கிச் செயலி உள்ள போனை வீட்டில் வைத்துவிட்டு, பழைய போனோடு வெளியே வருபவர்களும் உண்டு. "இந்தத் தெரு பகலில் சரி, இருட்டினால் வேண்டாம்" என்று நண்பர்கள் சொன்னால் வாதாடாமல் கேளுங்கள். ஒரு பெண்ணாக, கூட ஆள் இருந்ததால்தான் பயமில்லாமல் சுற்றினாய் என்று சிலர் சொல்லக்கூடும். ஆமாம், அதைத்தானே நானும் சொல்கிறேன்!

மதியச் சாப்பாடு அவள் அம்மா வீட்டில். பன்றிக் கறி போடுவதற்கு முன்பே எனக்கென்று ஒரு கிண்ணம் பீன்ஸைத் தனியே எடுத்து வைத்திருந்தார் அந்தம்மா. சோறு, பீன்ஸ், மேலே வறுத்த மரவள்ளி மாவு. அவருக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. தட்டு காலியானதும் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார்.

சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு ஆராய்ச்சி நிலையத்தில் போடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிரேசிலிலிருந்து திரும்பினால், நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி விடுவார்கள்.